மலையடிவாரத்து பதில்கள்: இத்தாலி பீப்பாயும் ஏற்காட்டு சில்வர் ஓக்கும்

நான் கப்பல்ல கேட்டரிங் வேலையில இருந்த காலத்துல இத்தாலியில ஜெனோவா துறைமுகத்துல இறங்கி, ரெண்டு நாள் லீவுல ட்ரெயினும் பஸ்ஸும் மாறி மாறி பரோலோ ஊருக்குப் போயி, ஒரு குடும்பத்தோட ஒயின் நிலவறையைப் பார்த்துட்டு வந்ததை போன இதழ்ல அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதைப் பத்தித்தான் இந்த தடவை கேள்வி குவிஞ்சு கிடக்கு, அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதலைங்க. ஒரு பொருளை ஒரு குடும்பம் அவசரப்படாம, தாத்தா கையில இருந்து பேரன் கைக்கு எப்படி கொண்டு போய்ச் சேர்க்குதுங்கிறதைத்தான் அன்னைக்கு அந்த நிலவறையில நான் பார்த்தேன், இன்னும் மனசை விட்டுப் போகல.

கேள்வி: என் பையன் மிலான்ல வேலை பார்க்கிறான். அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குன்னு ஒரு பாட்டில் கொண்டு வந்தான், 'பரோலோ 2016'ன்னு போட்டிருக்கு. பெரிய விலையாம். எங்க வீட்டுக்காரர் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொன்னதால பரண்ல துணி சுத்தி வச்சிருக்கேன். இது என்ன வகை, எத்தனை வருஷம் வைக்கலாம்?
(வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: அக்கா, முதல்ல அதை பரண்ல இருந்து இறக்குங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். நான் இந்தத் தப்பைப் பண்ணி ஒரு பாட்டிலை இழந்தவன். அந்தக் குடும்பத்துல பெரியவர் என் கையில குடுத்த பாட்டில் அது, ஊருக்கு வந்து பத்திரமா இருக்கட்டும்னு பரண்ல வச்சேன், ஏப்ரல் மே ரெண்டே மாசம், நம்ம சேலத்து வெயில் மேல் தளத்துல எப்படி இறங்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா, ஜூன்ல எடுத்துப் பார்த்தா கார்க்கு அரை விரக்கடை மேல தள்ளி நிக்குது, லேபிள் மேல பிசுபிசுன்னு ஒரு கோடு வழிஞ்சு காய்ஞ்சிருக்கு, திறந்தா கொதிக்க வச்ச உலர்திராட்சை வாசனை. ஒருத்தர் வருஷக்கணக்கா காத்திருந்து செஞ்சதை நான் ரெண்டு மாசத்துல வேக வச்சுட்டேன். ரொம்ப நாள் அந்த வருத்தம் இருந்துச்சு.

அதனால ஃப்ரிட்ஜுல கீழ காய்கறி ட்ரேல படுக்க வைங்க. கதவுல வேண்டாம், திறக்க திறக்க ஆடிக்கிட்டே இருக்கும். படுக்க வச்சாத்தான் கார்க்கு நனைஞ்சு இருக்கும், காய்ஞ்சா சுருங்கி காத்து உள்ள போயிடும். 12ல இருந்து 15 டிகிரிதான் அதுக்குப் பிடிச்ச இடம், ஃப்ரிட்ஜு அதைவிடக் கொஞ்சம் குளிரு, ஆனா நம்மூர்ல பரணை விட ஆயிரம் மடங்கு தேவலை.

இப்போ என்ன வகைன்னு சொல்றேன். பரோலோங்கிறது கம்பெனி பேரு இல்ல, ஊர் பேரு. இத்தாலியில வடமேற்கு மூலையில பியட்மான்ட், அதுல லாங்கேன்னு ஒரு மலைப்பகுதி, 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடம், அதுல 11 ஊர்ல விளையுற நெப்பியோலோங்கிற ஒரே திராட்சையில மட்டும் செஞ்சாத்தான் அந்தப் பேரை போட முடியும். நெப்பியான்னா அவங்க பாஷையில மூடுபனி. அக்டோபர்ல பழம் பறிக்கிற நேரத்துல அந்த மலையெல்லாம் பனி மூடிக்கிடக்கும், நான் போனப்போ ஏற்காட்டுல லேடீஸ் சீட்ல நின்னு கீழ பார்க்கிற மாதிரியே இருந்துச்சு, சேலம் மட்டும்தான் தெரியல.

சட்டப்படி அறுவடை வருஷம் நவம்பர் ஒண்ணாம் தேதியில இருந்து கணக்குப் பண்ணி 38 மாசம் கழிச்சுத்தான் விக்கவே விடுவாங்க, அதுல 18 மாசமாவது மரப் பீப்பாயில இருந்தாகணும். லேபிள்ல 'ரிசர்வா'ன்னு இருந்தா 62 மாசம். பாட்டில் கழுத்துல ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும் பாருங்க, டி.ஓ.சி.ஜி.ன்னு, அது அரசாங்க முத்திரை, 1980ல பரோலோவுக்கு அந்த தகுதி கிடைச்சுது. 2016 நல்ல வருஷம்னு அங்க எல்லாரும் ஒத்துக்குற வருஷம், ஒழுங்கா வச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் தாங்கும். ஆனா அக்கா, பரண்ல ஒரு கோடை போயிருந்தா காத்திருக்காதீங்க, பையன் அடுத்து வர்றப்போ திறந்துடுங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து ஒரு கண்ணாடி ஜக்குல ஊத்தி வைங்க. நிறம் நீங்க நினைக்கிற மாதிரி கருஞ்சிவப்பா இருக்காது, ஓரத்துல செங்கல் நிறம் அடிக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, நெப்பியோலோ வயசானா அப்படித்தான் வெளுக்கும். மோந்து பார்த்தா காய்ஞ்ச ரோஜா வாசனையும் புதுசா தார் போட்ட ரோடு வாசனையும் சேர்ந்து வரும், தாருன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, மோந்தா தெரியும்.

கேள்வி: எங்க எஸ்டேட்ல நாப்பது வருஷத்து சில்வர் ஓக் நூத்துக்கு மேல நிக்குது, மிளகுக் கொடி ஏத்தியிருக்கோம். ஓக் பீப்பாய்னு நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து என் தம்பி, நம்ம மரத்துலயே செஞ்சு வெளிநாட்டுக்கு வித்தா என்னன்னு ஒரே நச்சரிப்பு. முடியுமா?
(வாசகர், நாகலூர், ஏற்காடு)

பதில்: முடியாதுங்க, ஏன்னு சொன்னா தம்பி புரிஞ்சுக்குவாரு. சில்வர் ஓக்குக்கு பேர்ல மட்டும்தான் ஓக்கு. அது ஆஸ்திரேலியா கிழக்குப் பக்கத்து மரம், ஓக்குக்கு அது ஒண்ணுவிட்ட சொந்தம்கூட இல்ல. அறுத்தா பலகையில ஜரிகை ஓடுன மாதிரி ஒரு கோலம் வரும், நிஜ ஓக்குலயும் வரும், அந்த சாயலுக்கு வச்ச பேரு. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் நம்ம மலைக்கு காப்பியைக் கொண்டு வந்தாரு, அப்புறம் காப்பிக்கு நிழல் வேணும், மிளகுக்குப் பிடிமானம் வேணும்னு இந்த மரம் எஸ்டேட் எஸ்டேட்டா பரவிடுச்சு. அந்த வேலைக்கு அருமையான மரம். பெட்டிக்கும் ப்ளைவுட்டுக்கும் போகும், பீப்பாய்க்குப் போகாது.

நிஜ ஓக்கை தமிழ்ல கருவாலின்னு சொல்லுவாங்க. எல்லா மரத்துலயும் தண்ணி ஏர்றதுக்கு உள்ள மெல்லிய குழாய் இருக்கும்ல, வெள்ளை ஓக்கு வகையில வைரம் பாயுறப்போ அந்த குழாய்க்குள்ள நுரை மாதிரி ஒரு அடைப்பு தானா வளர்ந்து மூடிக்கும், டைலோஸ்னு பேரு. அதனாலதான் ஒழுகாது. சிவப்பு ஓக்குன்னு இன்னொரு வகை இருக்கு, அதுல இந்த அடைப்பு சரியா வளராது, ஒரு துண்டை எடுத்து ஒரு முனையைத் தண்ணியில விட்டு மறு முனையில வாயை வச்சு ஊதினா குமிழ் குமிழா வரும். சொந்த ஓக்கு வம்சத்துலயே அது தேறல, அப்புறம் நம்ம சில்வர் ஓக்கை என்ன சொல்றது.

மரத்தைத் தேடிட்டாலும் அதோட வேலை முடியாதுங்க. 150 வருஷம், அதுக்கு மேல வளர்ந்த மரத்தைத்தான் வெட்டுவாங்க. பிரான்ஸுல ட்ரான்சே காடுன்னு ஒண்ணு, 17ம் நூற்றாண்டுல போர்க்கப்பல் கட்டுறதுக்குன்னு ராஜா காலத்துல பராமரிச்ச ஓக்குக் காடு, இன்னைக்கு அந்தக் காட்டு மரம் பீப்பாய்க்குப் போகுது. பரோலோவுல பழைய ஆளுங்க வாங்குறது குரோஷியாவுல ஸ்லாவோனியா பக்கத்து ஓக்கு. பிரெஞ்சு மரத்தை ரம்பத்துல பலகையா அறுக்க மாட்டாங்க, நார் போற போக்குல பிளப்பாங்க. பிளந்த பலகையை ரெண்டு மூணு வருஷம் வெட்டவெளியில அடுக்கி மழையிலயும் வெயில்லயும் போட்டு வச்சிருவாங்க, மரத்தோட கடுந்துவர்ப்பு மழையில கழுவிப்போகும். அப்புறம் உள்ள நெருப்பு மூட்டி, சூட்டுல வளைச்சு, இரும்பு வளையம் மாட்டி இறுக்குறது. பசை ஒரு சொட்டு கிடையாது, பலகையும் பலகையும் ஊறி உப்பி தானா கவ்விக்கும்.

சரி, உள்ள என்ன நடக்குதுன்னா, மரத்து வழியா ரொம்ப ரொம்ப கொஞ்சமா காத்து உள்ள போகும். புது நெப்பியோலோ ஒயின் வாயில வச்சா பச்சைப் பாக்கை மென்ன மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும், அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின், அந்த சின்னச் சின்னத் துகளெல்லாம் அந்தக் காத்துல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுப் பெருசாகி, கடுமை அடங்கி வழவழப்பு வந்துரும். அதே நேரம் ஒயின் மரத்து வழியா ஆவியாவும் போகும், பீப்பாய் குறையும், மேல வெத்திடம் விட்டா ஒயின் கெட்டுடும். நான் போன வீட்டுல பெரியவருக்கு எழுபதுக்கு மேல இருக்கும், தினம் காலையில ஒரு சின்ன மூக்கு வச்ச தகர கேனோட இறங்கி, ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியில தட்டித் தட்டிக் கேட்டுக்கிட்டே போவாரு, சத்தம் மாறுற இடத்துல சாக்பீஸ்ல கோடு போடுவாரு, ஏணி ஏறி அடைப்பைத் திறந்து அதே வருஷத்து ஒயினை மெதுவா விட்டு வாய் வரைக்கும் நிரப்புவாரு, கடைசி சொட்டு வழியுற நேரத்துல விரலை வச்சு நிறுத்தி அந்த விரலை நக்கிப் பார்ப்பாரு. நம்ம வீட்டுல ஊறுகாய் ஜாடிக்கு எண்ணெய் மட்டம் குறைஞ்சா ஆத்தா மேல ஊத்துவாங்கள்ல, அந்தக் கவனம்.

கேள்வி: எங்களது மூணு தலைமுறை கொலுசுப் பட்டறை. அப்பா கையில செய்யணும்ங்கிறார், நான் காஸ்டிங் மிஷின் போடணும்ங்கிறேன், ஆறு மாசமா பேச்சுவார்த்தை இல்ல. இத்தாலியில அறுநூறு வருஷமா ஒரே குடும்பம் ஒயின் செய்யுதுன்னு எழுதியிருந்தீங்க. அங்க இந்த மாதிரி சண்டையே வராதா?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: தம்பி, வந்த சண்டையைச் சொன்னா உங்க வீட்டுச் சண்டை சின்னதாத் தெரியும்.

அறுநூறு வருஷக் கணக்கு அன்டினோரி குடும்பத்தோடது. 1385ல ஜியோவன்னி தி பியரோ அன்டினோரின்னு ஒருத்தர் ஃப்ளாரன்ஸ் ஒயின் வியாபாரிகள் சங்கத்துல சேர்ந்த பதிவு இருக்கு, இப்போ நடக்கிறது 26வது தலைமுறை. ஃப்ளாரன்ஸ் இருக்கிற அதே டஸ்கனி பகுதியில மொன்டால்சினோ மலையில பியோன்டி சான்டி குடும்பம், 1888ம் வருஷத்து ப்ரூனெல்லோ அவங்க செஞ்சது, அதுவும் ஓக்குல வருஷக்கணக்கா இருந்து வர்ற சிவப்பு ஒயின்தான், சான்ஜியோவேசேங்கிற வேற திராட்சை. அந்தக் குடும்பம்கூட 2016ல பெரும்பங்கை ஒரு பிரெஞ்சு குழுமத்துக்குக் கொடுத்தாச்சு. அதனால அறுநூறு வருஷம்னு கேக்க நல்லா இருக்கே தவிர எல்லாமே தானா ஓடி வந்ததில்ல, ஒவ்வொரு தலைமுறையிலயும் யாரோ ஒருத்தர் பிடிச்சு இழுத்துட்டு வந்ததுதான்.

இப்போ சண்டைக்கு வர்றேன். பரோலோ விளையுற அந்த 11 ஊர்ல லா மொர்ரான்னு ஒண்ணு, அங்க எலியோ அல்தாரேன்னு ஒரு இளைஞர். அந்தக் காலத்துல அந்த மலையில விவசாயம் பண்ணி பொழைக்க முடியாம ஜனங்க டூரின்ல ஃபியட் கார் கம்பெனிக்கும் ஆல்பாவுல ஃபெரேரோ சாக்லேட் கம்பெனிக்கும் வேலைக்குப் போய்க்கிட்டிருந்தாங்க, ஒயினை விலை கேக்க ஆள் இல்ல. எலியோ 1976ல பிரான்ஸுல பர்கண்டிக்குப் போய்ப் பார்க்கிறாரு, அங்க சின்னச் சின்னப் புதுப் பீப்பாய், இருநூத்துச் சொச்சம் லிட்டர், இத்தாலிக்காரங்க பாரிக்னு சொல்லுவாங்க, சுத்தமான நிலவறை, விவசாயி வசதியா வாழுறான். இங்க அப்பாவோட நிலவறையில ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கிற பெரிய பழைய பீப்பாய்ங்க, போத்தின்னு சொல்லுவாங்க. ஊருக்கு வந்து அப்பாகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு, அவர் மசியல. 1983ல ஒரு நாள் மரம் அறுக்கிற செயின் ரம்பத்தை எடுத்துக்கிட்டு நிலவறைக்குள்ள இறங்கி அப்பாவோட பீப்பாயையெல்லாம் அறுத்துப் போட்டுட்டாரு. அப்பா சொத்துல பங்கு இல்லைன்னு எழுதி வச்சுட்டாரு. ரெண்டு பேரும் சமாதானம் ஆகாமயே அந்த அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு.

யார் பக்கம் நியாயம்னு கேட்டா, எனக்கு அப்பாவோட பீப்பாய்தான் பிடிக்கும், மறைக்கல. சின்னப் பீப்பாயில கொஞ்சம் ஒயினுக்கு நிறைய மரம் படுது, புது மரம் வேற, அதனால வெனிலா வாசனை, தேங்காய் வாசனை, வறுத்த வாசனையெல்லாம் ஒயின்ல ஏறிடும், திராட்சை எங்க போச்சுன்னு தேடணும். பெரிய பழைய பீப்பாயில மரத்துக்குச் சொந்த வாசனை எப்பவோ போயிருக்கும், அது சும்மா காவல் மட்டும் இருக்கும், காத்தை அளந்து உள்ள விடும், காலத்தை உள்ள விடும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பையன் கேட்ட கேள்வியும் பொய்யில்ல தம்பி. பல நிலவறையில பழைய பீப்பாய் நாறிப்போய்த்தான் இருந்துச்சு, அதையும் பாரம்பரியம்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. எலியோவும் அவரோட கூட்டாளிங்களும் அந்த மலையை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வச்சாங்க, வேலைக்குப் போன பிள்ளைங்க தோட்டத்துக்குத் திரும்புற அளவுக்கு விலை கிடைச்சுது. அப்புறம் காலப்போக்குல, புதுசு பக்கம் போனவங்கள்ல நிறையப் பேரு புது மரத்தைக் குறைச்சுக்கிட்டாங்க, பெரிய பீப்பாய் பக்கம் நின்னவங்க நிலவறையைச் சுத்தமாக்கிக்கிட்டாங்க. இன்னைக்கு ரெண்டு பக்கமும் பாதி தூரம் நடந்து வந்து நிக்குது, நடுவுல ஒரு அப்பாவும் மகனும் பேசாமயே முடிஞ்சு போனதுதான் மிச்சம்.

நீங்க மிஷின் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. அப்பா கையில பிடிக்கிற அந்த ஊதுகுழலையும் அவரோட அச்சையும் ஒரு மேஜையில அப்படியே விடுங்க, ஆர்டர்ல ஒரு பங்கு அதுல போகட்டும். முதல்ல நாளைக்குக் காலையில அவருக்கு ஒரு டீ வாங்கிட்டுப் போங்க. ஆறு மாசம் அதிகம்.

கேள்வி: தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்களே?
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: வேண்டாங்க. உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சு யாரும் ஆரம்பிக்காதீங்க. மது எந்த அளவானாலும் பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாச் சொல்லிடுச்சு. இதயத்துக்குன்னா காலையில அண்ணா பூங்கா பக்கம் ஒரு மணி நேரம் நடங்க.

கேள்வி: என் மாமா துபாய்ல இருந்து ஒரு இத்தாலி ஒயின் கொண்டு வந்தார், அடியில கண்ணாடித்தூள் மாதிரி ஏதோ மின்னுது. கலப்படமா?
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: பயப்படாதீங்கம்மா, அது புளி. நிஜமாவே புளிதான், கதை விடல. நம்ம புளியம்பழத்துல புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் இருக்குல்ல, திராட்சையிலயும் அதேதான் பிரதானம். குளிர்ல அது உப்பாப் படிஞ்சு படிகமா நிக்கும். பீப்பாய் உள்சுவர்லயும் வருஷக்கணக்குல கல்லு மாதிரி ஒட்டியிருக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். அந்த பெரியவர் எனக்கு ஒரு துண்டு உடைச்சுக் குடுத்தாரு, கருஞ்சிவப்புல கற்கண்டு மாதிரி இருந்துச்சு, நாக்குல வச்சேன், கண்ணை மூடினா எங்க அம்மா ரசத்துக்குக் கரைச்சு வச்ச புளி. இத்தாலிக்கும் நம்மூருக்கும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேலன்னு யாரு சொன்னா. பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வச்சுட்டு, ஆட்டாம மேலாக ஊத்தி, கடைசி ரெண்டு விரக்கடையை விட்டுடச் சொல்லுங்க மாமாவை.

கேள்வி: கள்ளக்குறிச்சி சம்பவத்துக்கு அப்புறம் 'மெத்தனால்'னு கேட்டாலே நடுங்குது. எங்க சொந்தத்துலயே ஒருத்தரை சேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தாங்க. ஒயின்லயும் மெத்தனால் இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். வெளிநாட்டுல இதெல்லாம் நடக்காதா?
(வாசகர், வாழப்பாடி)

பதில்: உங்க வீட்டுல நடந்ததுக்கு மனசு கனக்குதுங்க. 2024 ஜூன்ல அறுபது பேருக்கு மேல போனாங்க, ஆம்புலன்ஸ் சத்தம் சேலத்துல ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்ததை யாரு மறக்க முடியும்.

கேட்டதுக்கு பதில். பழத்தோல்ல பெக்டின்னு ஒண்ணு இருக்கு, அது பிரியுறப்போ எந்த ஒயின்லயும் துளியூண்டு மெத்தனால் வரும், அந்த அளவு ஆளைக் கொல்லாது. கொல்றது, வெளியில இருந்து வாங்கி ஊத்துறது. நடக்காதான்னா, நடந்துச்சு, இதே பியட்மான்ட்லதான். 1986ல மலிவு ஒயினுக்குப் போதை கூட்டிக்காட்டுறதுக்காக சில வியாபாரிங்க மெத்தனால் கலந்தாங்க, அதுல பரோலோ இருக்கிற அதே குனியோ மாவட்டத்து ஆளும் இருந்தாரு. 23 பேரு செத்தாங்க, சில பேருக்குக் கண்ணு போச்சு. இத்தாலி ஒயினை வெளிநாடெல்லாம் துறைமுகத்துலயே நிறுத்திட்டாங்க, ஒரு தப்பும் பண்ணாத குடும்பமெல்லாம் சரக்கு விக்காம உட்கார்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் சோதனை இறுகுச்சு, லிட்டர் கணக்குல மலிவா விக்கிறதை விட்டுட்டு, யாரு தோட்டம், யாரு செஞ்சதுன்னு பேரைப் போட்டு விக்கிறவங்க மேல ஜனங்களுக்கு நம்பிக்கை திரும்புச்சு. நான் போன வீட்டுல 1986ம் வருஷத்துப் பாட்டில் ஒரு அலமாரியில தனியா இருந்துச்சு, அதைப் பத்திக் கேட்டதுக்கு அந்த வீட்டு அம்மா, எங்க பேரை நாங்களே காப்பாத்திக்கிட்ட வருஷம்னு மட்டும் சொன்னாங்க. அவங்க பேரு அந்த லேபிள்ல இருக்கு, ஏதாவது ஆனா கதவைத் தட்டலாம். கள்ளச்சாராயப் பாக்கெட்டுல யாரு பேரு இருக்கு சொல்லுங்க.

கேள்வி: எங்க பாட்டி கிறிஸ்துமஸுக்கு ஜாடியில திராட்சை, சர்க்கரை, கிராம்பு போட்டு ஒயின் செய்வாங்க. பாட்டி போயாச்சு. அதுல ஓக்கு மரத்தூள் போட்டா இத்தாலி ருசி வருமா?
(வாசகி, ஏற்காடு)

பதில்: பாட்டி அதை ஏற்கனவே கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. சுட்ட ஓக்குல இருந்து ஒயினுக்கு வர்ற வாசனையில யூஜெனால்னு ஒண்ணு உண்டு, கிராம்போட வாசனையே அதுதான். பீப்பாய் இல்லாத வீட்டுல ஒரு கிள்ளு கிராம்பைப் போட்டு அவங்க அந்த இடத்தைத் தொட்டிருக்காங்க.

ஆனா செஞ்சு பாருங்கன்னு இங்க எழுத மாட்டேன். அனுமதியில்லாம மது செய்யுறது தமிழ்நாட்டுல குத்தம், இன்னைக்கும் இருக்கிறது 1937 மதுவிலக்குச் சட்டம்தான், அது முதல்ல அமலுக்கு வந்ததே நம்ம சேலம் ஜில்லாவுல, 1937 அக்டோபர் 1ம் தேதி, இங்க வக்கீலா இருந்து முனிசிபல் சேர்மனாவும் இருந்த ராஜாஜி கொண்டு வந்தது. பாட்டியோட ஜாடியைக் கழுவி வெயில்ல காய வச்சு வைங்க. நார்த்தங்காய்க்கு அதைவிட நல்ல ஜாடி கிடைக்காது.

கேள்வி: எங்க அப்பாவுக்கு நாங்க ரெண்டும் பொண்ணுங்க. ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம், தாத்தா வச்சது. பையன் இல்ல, யாரு பார்க்கப் போறாங்கன்னு ரிசார்ட்காரங்களுக்கு விலை பேசிட்டு இருக்கார். நான் பி.எஸ்சி. அக்ரி முடிச்சிருக்கேன், நான் பார்க்கிறேன்னு சொன்னா சிரிக்கிறார். அந்த இத்தாலி குடும்பங்கள்ல பொண்ணுங்க நடத்துறாங்களா?
(வாசகி, மஞ்சக்குட்டை, ஏற்காடு)

பதில்: நடத்துறாங்கம்மா, பெரிய பெரிய பேரே அவங்கதான். அன்டினோரியோட 26வது தலைமுறை மூணு பேரு, மூணும் பொண்ணுங்க, அல்பியரா, அலெக்ரா, அலெஸியா, அல்பியராதான் தலைவர். அப்பாவோட பீப்பாயை அறுத்தாரே எலியோ, அவர் தோட்டத்தையும் இப்போ பார்க்கிறது பொண்ணு சில்வியாதான். பரோலோவோட பழைய கதையை எடுத்தாலே 19ம் நூற்றாண்டுல ஜூலியா ஃபலெத்திங்கிற ஜமீன்தாரிணி பேருதான் முதல்ல வரும்.

ஆனா உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது மரியா தெரேசா மஸ்கரெல்லோவைப் பத்தி. அவங்க அப்பா பார்டோலோ, பரோலோ ஊர்ல பிடிவாதத்துக்குப் பேர் போனவரு, ஊரே சின்னப் பீப்பாய்க்கு மாறினப்பவும் மாறல, நாலு தோட்டத்துப் பழத்தைக் கலந்து ஒரே பரோலோ, தனித்தனியா பேரு வச்சு விக்க மாட்டேன்னு நின்னவரு. வயசு காலத்துல வீல்சேர்ல உட்கார்ந்தாச்சு, தோட்டத்துக்கு இறங்க முடியல, அப்போ கலர் பேனாவை எடுத்து லேபிள் வரைய ஆரம்பிச்சாரு, அந்த நாட்டு அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்'னு அவர் எழுதின லேபிள் உலகம் பூரா சுத்துச்சு. 2005ல அவர் போனதுக்கப்புறம் மொத்தமும் மரியா தெரேசா கையில. எல்லாரும் மாத்திடுவாங்கன்னுதான் நினைச்சாங்க, அந்தம்மா மாத்தல, அதே நாலு தோட்டம், அதே ஒரு பரோலோ, அதே பெரிய பீப்பாய், இன்னைக்கு அந்த பாட்டில் கிடைக்காம ஜனங்க அலையுறாங்க.

அப்பா சிரிக்கிறதைப் பெருசா எடுத்துக்காதீங்க. அவருக்குப் பயம், பொண்ணை வெயில்லயும் அட்டைக்கடியிலயும் விடுறதான்னு. வாயில சொல்லி ஜெயிக்க முடியாது, அதனால கேள்வியை மாத்துங்க. நிலத்தைக் கேக்காதீங்க, அவரோட நோட்டைக் கேளுங்க. எல்லா எஸ்டேட் வீட்டுலயும் அப்பாக்கள்கிட்ட ஒரு அழுக்கு நோட்டு இருக்கும், எந்த வருஷம் பூ மழை எப்போ பெஞ்சுது, எந்தப் பாத்தியில காய் துளைப்பான் வந்துச்சு, எத்தனை மூட்டை பழம், யாருக்கு என்ன கூலின்னு. அதை வாங்கி இந்த வருஷக் கணக்கை உங்க கையெழுத்துல எழுதுங்க. மார்ச்சுல பூ மழைக்கு அப்புறம் மலையே மல்லி வாசனை அடிக்கிற அந்த ஒரு வாரம், விடியக்காலையில அவரைக் கூட்டிக்கிட்டு தோட்டத்துக்குள்ள நடங்க, எந்தச் செடி தாத்தா கையால வச்சதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டே வாங்க. விலை பேச வர்ற ஆளு அன்னைக்கு வந்தா, ஒரு மணி நேரம் வாசல்ல உட்காரட்டும்.